சட்டைப் பையில் ஒரு விலாசம்

— அந்தக் கதவு இல்ல சார், அது பாத்ரூம். இந்தப் பக்கம் வாங்க. தலையக் குனிஞ்சுக்குங்க, மேல கட்டை இடிக்கும்.

— மன்னிச்சுக்குங்க மேடம். கீழ டிரைவிங் ஸ்கூல்னு போர்டு இருந்துச்சு. இடம் மாறி வந்துட்டேனோன்னு...

— இடமெல்லாம் மாறல. வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்க படபடன்னு ஏறி வந்துடுவாங்க. நீங்க மூணு தடவை ஏறி மூணு தடவை இறங்கினீங்க. செருப்புச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அப்படி வர்றவங்க எல்லாம் புதன்கிழமை நாலரை மணி ஆளுங்க.

— அதாவது... இங்க ஒரு கூட்டம் நடக்கறதா...

— நடக்குது. வாய்விட்டுச் சொல்லுங்க, ஒண்ணும் ஆகிடாது. சுவருக்கும் காது உண்டும்பாங்க, இந்தச் சுவரு கேட்காத கதையே கிடையாது. குடியை விடறவங்க கூட்டம். இன்னும் அரை மணி நேரம் இருக்கு. வந்ததுதான் வந்தீங்க, அந்த நாற்காலிக்கு ஒரு கை கொடுங்க. வட்டமாப் போடணும். பத்து போதும்.

— பத்து பேர் வருவாங்களா?

— ஆறு பேர் வந்தா அதிகம். மீதி நாலு, கீழ நின்னு ஏறலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்கு. பார்த்து, பார்த்து, அந்த ஸ்டியரிங்கத் தொடாதீங்க. பாடம் நடத்த வச்சிருக்கு, தொட்டா கையோட கழண்டு வரும்.

— நீங்க இங்கயேதான் வேலை பார்க்கறீங்களா மேடம்?

— ஆமா. ரோட்டு விதி, சிக்னல், சுவத்துல இருக்கற இந்தக் குறியெல்லாம் சொல்லித் தருவேன். மேடம் வேணாம். யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு. எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க.

— ஓட்டவும் சொல்லித் தருவீங்களா டீச்சர்?

— தந்துட்டு இருந்தேன். இப்ப வண்டியத் தொடறதில்ல. அந்தக் கதைய அப்புறம் பார்க்கலாம். டீ குடிங்க. டம்ளர் தளும்பத் தளும்ப ஊத்திட்டேன், சுடும். இந்த இடம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?

— அதையேன் கேட்கறீங்க. முதல்ல ஒரு விலாசம் கிடைச்சது. போய்ப் பார்த்தா ஜெராக்ஸ் கடை. முன்னாடி அங்க கூட்டம் நடந்துச்சாம், எப்பவோ மூடிட்டாங்களாம். கடையில இருந்த பொண்ணு நிமிர்ந்துகூடப் பார்க்காம ‘எத்தனை காப்பி?’ன்னு கேட்டுச்சு. எனக்கு உண்மையச் சொல்ல வாய் வரல. என் அடையாள அட்டைய ரெண்டு காப்பி எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

— ரெண்டு காப்பியா? நல்ல ஆளு சார் நீங்க!

— அப்புறம் ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டுல ஒரு நம்பர் இருந்துச்சு. போட்டா ஒரு பிளம்பர் எடுக்கறார்.

— பிளம்பரா?

— அதாவது, அந்த நம்பர் கைமாறி அவருக்கு வந்துடுச்சு போல. மாசத்துக்கு நாலஞ்சு பேர் கூப்பிடறாங்களாம். சில பேர் எடுத்த உடனே அழுவாங்களாம். அவர் குழாய்க்கு அடியில படுத்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘அண்ணே, நான் வெறும் பிளம்பர்’னு கடைசியில சொல்லுவாராம். நடுவுல சொன்னா பாவமா இருக்காம்.

— அடக் கடவுளே.

— ரெண்டு நாள் கழிச்சு அவரே என்னைக் கூப்பிட்டார். அவர் வேலைக்குப் போன ஒரு வீட்டுல யாரோ இங்க வர்றாங்களாம். அவங்ககிட்ட கேட்டு, விலாசம், கிழமை, நேரம் எல்லாம் சொன்னார். நான் எழுதி வச்சுக்கிட்டேன்.

— அந்த மனுஷனுக்கும் ஒரு நாற்காலி போடணும்போல இருக்கே. இது எப்ப?

— பத்து நாள்... பதினோரு நாள் இருக்கும்.

— அப்ப போன புதன்கிழமையே வந்திருக்கலாம். சரி, அதை விடுங்க. நான் விலாசத்தக் கையில வச்சுக்கிட்டு எட்டு மாசம் தள்ளிப் போட்டவ. என்னவோ சொல்லுவாங்களே, தண்ணி பக்கத்துல இருந்தாலும் தாகம் எடுக்கற அன்னிக்குத்தான் குடிப்போம்னு. எனக்குத் தாகம் வேற தண்ணிக்கு. சிரிங்க சார், சிரிக்கலாம், இங்க தடையில்ல.

— சிரிக்கத்தான் பார்க்கறேன்.

— ரைட்டு. இப்ப சொல்லுங்க. யாருக்காக வந்தீங்க?

— எனக்குத்தாங்க.

— எத்தனை வருஷமா?

— நாலு வருஷம்.

— ஒரு நாளைக்கு எவ்வளவு?

— முதல்ல ராத்திரி மட்டும்தான். இப்ப விடிஞ்ச உடனே. பல் விளக்கறதுக்கு முன்னாடியே. பாத்ரூம் கதவை உள்ள தாழ் போட்டுட்டு, குழாயத் திறந்து விட்டுட்டு, மூடிய ஒரு துண்டால சுத்தித் திருகறது. சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு. ஆனா மூணாவது திருகுல ‘டிக்’குன்னு ஒரு சத்தம் எப்படியும் வந்துடும். அப்புறம் தொண்டையில ரெண்டு மடக்கு இறங்கற சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு. முகம் கழுவிட்டு, புதினா மிட்டாய் ஒண்ணு வாயில போட்டுட்டு வெளிய வந்து...

— ‘வெளிய வந்து’?

— ...சிரிக்கறது.

— சார், அந்த ரெண்டு மடக்கு எப்படி இருக்கும்?

— எப்படின்னா?

— உள்ள போன உடனே எங்க பிடிக்கும்? நெஞ்சுலயா, வயித்துலயா? விரல் நுனியில என்ன ஆகும்?

— அது... சூடா இருக்கும்.

— உங்க தொழில் என்ன?

— மூக்குக் கண்ணாடிக் கடை. லென்ஸ் தேய்க்கிறது, ஃபிரேம்ல பொருத்தறது எல்லாம் நானேதான்.

— இன்னிக்குக் காலையில கடை திறந்தீங்களா?

— திறந்தேன். நாலு ஜோடி முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் வர்றேன்.

— அதானே பார்த்தேன். டம்ளரத் தளும்ப ஊத்தித் தந்தேன். ஒரு சொட்டு சிந்தல. விடிஞ்சதும் ரெண்டு மடக்கு போடறவன் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு வாயக் கொண்டு போவான். அது போகட்டும். தொண்டையில இறங்கற சத்தம் குடிக்கிறவனுக்குக் கேட்காது சார். அந்த நேரத்துல உலகமே அவன் காதுல விழாது. கதவுக்கு வெளிய நிக்கிறவனுக்குத்தான் கேட்கும். வீட்டுலயா?

— ஆமாங்க.

— ஆம்பளையா இருந்தா நீங்க இவ்வளவு பூசி மெழுக மாட்டீங்க. அப்பா குடிக்கிறார், தம்பி குடிக்கிறான்னு நேரா சொல்லிடுவீங்க. பொஞ்சாதியா?

— ...ஆமாங்க. வெளிய யாருக்கும் தெரியாது டீச்சர். என் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. அவளுக்கு மூளையில ஏதோ நரம்புக் கோளாறுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆம்பளை குடிச்சா ‘குடிகாரன்’னு ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க. பொம்பளை குடிச்சா அவ ஏழு தலைமுறையையும் தோண்டுவாங்க.

— எனக்கா சொல்றீங்க? நான் அந்த மண்வெட்டியில அடிபட்டவதான். என்ன வேலை பார்க்கறாங்க?

— ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துட்டு இருந்தா. கெட்டிக்காரி. குழந்தைங்க அழுதுக்கிட்டே வந்தா, ‘உன் எலும்பு சிரிக்குதான்னு பார்க்கலாமா?’ன்னு கேட்பா. அதுங்க அப்படியே அசையாம நிக்கும். டாக்டருங்க அவ இருக்கற நேரம் பார்த்து ஆளை அனுப்புவாங்க.

— ‘இருந்தா’ங்கறீங்க.

— போன மழைக்காலத்துல வேலை போயிடுச்சு. ஒரு பெரியவருக்கு இடது கைக்குப் பதிலா வலது கைய எடுத்துட்டா. எடுத்ததோட விட்டா பரவாயில்ல, படத்து மேல இடதுன்னு குறி போட்டுட்டா. டாக்டர் படத்தப் பார்த்து ‘ஒண்ணுமில்ல, போ’ன்னு அனுப்பிட்டார். அவர் உடைஞ்ச கையோட ஒரு வாரம் இருந்திருக்கார்.

— வாசனையக் கண்டுபிடிச்சுட்டாங்களா?

— கண்டுபிடிச்சாங்க. ஆனா வெளிய விடல. பழகின முகமாச்சே. ‘நீங்களா எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க’ன்னாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோபாவுல படுத்தவதான். பகல்லயும் ஜன்னல் திரைய விலக்க விட மாட்டா. தலை வாரறதில்ல. நான் சாயங்காலம் வந்து சாப்பாடு ஊட்டி விடுவேன்.

— ஊட்டியா விடறீங்க?

— கை நடுங்குதுல்ல. கரண்டியில எடுத்தா பாதி கழுத்துல கொட்டிக்குவா. நான் ஊட்டி, வாயத் துடைச்சு, தலை வாரி விட்டுட்டுத்தான் படுப்பேன். எங்களுக்குக் குழந்தை இல்ல டீச்சர். அவதான் குழந்தைன்னு வச்சுக்கிட்டேன்.

— எப்படி ஆரம்பிச்சது?

— ஆஸ்பத்திரிப் படியில வழுக்கி விழுந்தா. முதுகுல அடி. ராத்திரியெல்லாம் வலி, பொட்டுத் தூக்கம் கிடையாது. கொஞ்சமாக் குடிச்சா தூக்கம் வரும்னு... அப்படித்தான். கொஞ்சம்னு ஆரம்பிச்சதுதான்.

— எல்லாருக்கும் அந்தக் கொஞ்சம்தான் சார். யாரும் பீப்பாயில ஆரம்பிக்கறதில்ல. உட்காருங்க. நின்னுக்கிட்டே இருக்கீங்க பாருங்க.

— இருக்கட்டுங்க.

— உட்காருங்கன்னா. என் கதையச் சொல்றேன்னு சொன்னேன்ல. டிரைவிங் கத்துக் கொடுக்கற வண்டியில நம்ம பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கத்துக்கறவங்க தடுமாறினா நாம மிதிக்கணும். ஒரு நாள் புதுசா ஒரு பொண்ணு வந்துச்சு. முதல் நாள். காலையில எட்டரை மணி. நான் ஆறரைக்கே ஏத்திட்டேன். ‘நேராப் போம்மா’ன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. அப்புறம் அந்தப் பொண்ணு அலறினதுதான் ஞாபகம். நடுவுல கண்ணு சொருகிடுச்சு. சைக்கிள்ல வந்தவர் காலு சக்கரத்துக்கு அடியில.

— செத்துட்டாரா?

— இல்ல. இன்னும் இருக்கார். காலை இழுத்து இழுத்து நடப்பார். மார்க்கெட்டுல எதிர்ல வந்தா நான் வேற சந்துல புகுந்து ஓடிடுவேன். அவரால ஓடவா முடியும்? அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வண்டியே தொடலையாம். லைசென்ஸ் போச்சு, எட்டு மாசம் ஜெயில். வந்தும் குடிச்சேன். அதுதான் கேவலம். ஜெயிலுக்குப் போயிட்டு வந்தும் குடிச்சேன்.

— உங்க வீட்டுல...

— வீட்டுக்காரர் என்னென்னவோ பண்ணினார். பீரோவுக்குப் பின்னாடி, அரிசி டின்னுக்குள்ள, வாஷிங் மெஷின்ல, எங்க ஒளிச்சாலும் மோப்பம் பிடிச்சு எடுத்து ஊத்திடுவார். எனக்கு அவர் எதிரியாத் தெரிஞ்சார். ஒரு தடவை கரண்டிய எடுத்து முகத்துலயே அடிச்சேன். கடைசியில மகளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். நான் தெளிஞ்சு திரும்பிப் பார்க்கறேன், வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ஒன்பது வருஷம் ஆச்சு சார் நான் நிறுத்தி. மகள் இன்னும் என் போனை எடுக்கறதில்ல.

— வருத்தமா இருக்கு டீச்சர்.

— எதுக்குச் சொல்றேன்னா, உங்க வீட்டம்மாவுக்கு ஒரு புண்ணியம் இருக்கு. நீங்க போகல. வாயத் துடைச்சு விட்டுக்கிட்டு, ஜெராக்ஸ் கடை, பிளம்பர்னு அலைஞ்சு, தன் பேருல பழியப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் வந்து நிக்கறார். இப்படி ஒரு ஆள் இங்க வந்ததில்ல. நிஜமாச் சொல்றேன்.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

— ஏன் சொல்லக் கூடாது? ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வர்றேன். எங்ககூட இன்னொரு பொண்ணு இருக்கா, நர்ஸ். அவளையும் கூட்டிட்டு வர்றேன். பொம்பளைங்க மூணு பேரா உட்கார்ந்து பேசினா...

— ஞாயித்துக்கிழமை வேணாங்க.

— திங்கள்?

— நான் அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேனே.

— டீச்சர்! உள்ள வரலாமா? ஏணியக் கீழ சாத்தி வச்சிருக்கேன், யாராவது தூக்கிட்டுப் போனா நீங்கதான் பொறுப்பு.

— வா பெயிண்டரே. இன்னிக்கு என்ன, நேரத்துக்கு முன்னாடியே? சார், இவன் நம்ம பழைய உருப்படி. பெயிண்ட் அடிக்கிறவன்.

— ஒரு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு டீச்சர், தெளிவாச் சொல்லுங்க, புது ஆளு முன்னாடி மானத்த வாங்காதீங்க. அண்ணே வணக்கம்... அட! அண்ணே, நீங்களா!

— என்னை... உங்களுக்குத் தெரியுமா?

— நல்லாத் தெரியும். உங்களுக்குத்தான் என்னைத் தெரியாது, நான் மேல நிக்கிறவன். அந்த முக்குல சாராயக் கடை இருக்குல்ல, அதுக்கு நேர் எதிர்ல அஞ்சு மாடிக் கட்டடத்துக்கு பெயிண்ட் அடிக்கறேன். விட்டவனுக்கு வேலை கிடைச்ச இடத்தப் பார்த்தீங்களா டீச்சர்! சாரத்துல நின்னா கண்ணு வேற எங்க போகும்? வரிசையில நிக்கிற அத்தனை பேரும் எனக்கு மனப்பாடம். அண்ணன் சனிக்கிழமை ஆள். ஆறு மணி. நீலக் கோடு போட்ட துணிப்பை. எல்லாரும் தள்ளுமுள்ளு பண்ணுவாங்க, அண்ணன் மட்டும் கல்யாண வீட்டுப் பந்திக்கு நிக்கிற மாதிரி கைகட்டி நிப்பார்.

— டேய், போதும்.

— இருங்க டீச்சர், சந்தோஷமாத்தானே சொல்றேன். மூணு வாரமா அண்ணனக் காணோம். விட்டுட்டார் போலிருக்குன்னு மேலயே நின்னு கும்பிட்டேன். பார்த்தா நேத்து நிக்கிறார். செவ்வாக்கிழமை! என்னடா இது, கிழமையே மாறிப் போச்சேன்னு மனசு கஷ்டமாப் போச்சு. ஆனா பாருங்க, இன்னிக்கே இங்க வந்துட்டார். விழுந்தாலும் சரியான படியிலதான்ணே விழுந்திருக்கீங்க.

— பெயிண்டரே, பால் தீர்ந்து போச்சு. போய் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா. பிஸ்கட்டும்.

— பால் இருக்கே, அந்தா...

— தீர்ந்து போச்சுன்னு சொன்னேன்.

— சரி சரி. போறேன். அண்ணே, பயப்படாதீங்க, முதல் நாள்தான் நாக்கு ஒட்டிக்கும்.

— கதவைச் சாத்திட்டான். சொல்லுங்க சார். நீங்க குடிக்கறதில்ல. அது எனக்குத் தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை வாங்கறது யாருக்கு?

— அவளால வெளிய போக முடியாதுங்க. ஒரு தடவை வாங்காம விட்டுட்டேன். ரெண்டாவது நாள் உடம்பெல்லாம் உதறி, கண்ணு செருகி, வலிப்பு வந்துடுச்சு. டாக்டர் என்னைத்தான் திட்டினார். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து, மருத்துவம் பார்த்துத்தான் நிறுத்தணும்னார்.

— அது நிஜம். மறுக்க மாட்டேன். அந்தப் பயத்துல வாங்கிக் கொடுக்கற வீட்டுக்காரங்க நூறு பேரைப் பார்த்திருக்கேன். ஆனா மூணு வாரமா நீங்க கடைப் பக்கமே வரலையாம். அந்த மூணு வாரம் என்ன குடிச்சாங்க?

— ஒண்ணும் குடிக்கல.

— ஒண்ணுமா?

— அவகூட வேலை பார்த்த ஒரு டாக்டரம்மா, ஒரு நாள் நான் கடையில இருந்தப்ப வீட்டுக்கு வந்திருக்காங்க. பார்த்துட்டு, அன்னிக்கே கூட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. மாத்திரை, ஊசி, ஒரு வாரம். வீட்டுக்கு வந்தப்புறமும் தொடல. மொத்தம் பத்தொன்பது நாள்.

— பத்தொன்பது நாளா! சார், இதையல்லவா வந்த உடனே சொல்லியிருக்கணும்! பத்தொன்பது நாள்னா எங்களுக்கெல்லாம் மலை. எனக்கு முதல் பத்தொன்பது நாள் சேர மூணு வருஷம் ஆச்சு.

— ஜன்னல் திரையெல்லாம் விலக்கிட்டா. தலைக்குக் குளிச்சா. தானே சாப்பிட்டா. ஆஸ்பத்திரியில இருந்த நாலாவது நாளே ‘என்னால தனியா தாக்குப்பிடிக்க முடியாது, இந்த மாதிரி ஆளுங்க கூடற இடம் ஊர்ல எங்கயாவது இருக்கும், தேடிக் கொடுங்க’ன்னு கேட்டா.

— அவங்களே கேட்டாங்களா? அதுக்குத்தான் அலைஞ்சீங்களா? அப்ப பிளம்பர் விலாசம் சொன்ன அன்னிக்கே...

— கொடுக்கலைங்க. எழுதின சீட்டு என் சட்டைப் பையிலயே இருந்துச்சு. தினமும் சட்டை மாத்தறப்ப அதையும் எடுத்து மாத்தி வச்சுக்குவேன். அவ கேட்கறப்பல்லாம் ‘இன்னும் கிடைக்கலம்மா’ன்னு சொன்னேன்.

— எதுக்கு சார்?

— நான் சொன்னேனே, படியில விழுந்தான்னு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நடந்தத நான் சொல்லல. அவளுக்கு வேற ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருந்துச்சு. கடுதாசி வந்துச்சு. நானும் அங்க ஒரு கடை பார்க்கறேன்னேன். ‘வேணாம், நான் மட்டும் போறேன். நமக்குள்ள ஒண்ணும் மிச்சமில்ல’ன்னா. கோபமாக்கூடச் சொல்லல டீச்சர். சாமான் சீட்டு படிக்கற மாதிரி சொன்னா. பெட்டியக்கூட எடுத்து வெளிய வச்சுட்டா.

— அப்புறம் விழுந்தாங்க.

— விழுந்தா. வலி. தூங்கல. நான்தான் டம்ளர்ல ஊத்திக் கொடுத்தேன். சத்தியமா அன்னிக்குத் தூங்கட்டும்னுதான் கொடுத்தேன். தூங்கினா. காலையில எழுந்து என்னப் பார்த்துச் சிரிச்சா. ஊருக்குப் போற பேச்சே எடுக்கல. மறுநாளும் கொடுத்தேன். சேர வேண்டிய தேதி தாண்டிப் போச்சு. பெட்டிய நான்தான் எடுத்துப் பரண்ல போட்டேன். நாலு வருஷம் டீச்சர். ‘நீங்க இல்லேன்னா நான் செத்துடுவேன்’னு சொல்லுவா. தினமும் சொல்லுவா. அந்த வார்த்தைய அவ அதுக்கு முன்னாடி சொன்னதே இல்ல. எங்க கடையில புதுக் கண்ணாடி போட்டுப் பார்க்கறவங்க, நிமிர்ந்த உடனே முதல்ல எதிர்ல நிக்கற என் முகத்தத்தான் பார்ப்பாங்க. ஒரு நிமிஷம் அப்படியே பார்ப்பாங்க. இந்தப் பத்தொன்பது நாளும் அவ என்னை அப்படிப் பார்த்தா.

— சரி. சரி சார். பயம். விட்டுட்டுப் போயிடுவாங்கங்கற பயம். அதுக்காக விலாசத்த மறைச்சீங்க. தப்புதான், ஆனா திருத்திக்கலாம். நேத்து அவங்க தடுமாறிட்டாங்க. அது எல்லாருக்கும் நடக்கறது. வேணும்னு அழுதிருப்பாங்க, உங்களாலயும் தாங்க முடியல, ஓடிப் போய் வரிசையில நின்னுட்டீங்க. அதானே?

— அவ கேட்கலைங்க.

— கேட்காம?

— நேத்து சாயங்காலம் நான் வீட்டுக்குப் போறப்ப, மேசை மேல போர்வைய விரிச்சு அவளோட வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுட்டு இருந்தா. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கிட்டே. வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வாம். டாக்டரம்மா பேசி வச்சிருக்காங்களாம். அதே ஊரு. பரண்ல இருந்து பெட்டிய இறக்கித் தூசு தட்டி வச்சிருந்தா. நிமிர்ந்து பார்த்து, ‘கூட்டம் நடக்கற இடம் ஏதாவது தெரிஞ்சுதாங்க?’ன்னு கேட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— பையில இருந்து எடுத்து இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சேன்.

— எதை, விலாசத்தையா?

— பாட்டிலை.

— ...குடிச்சாங்களா?

— ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு நின்னா, அப்புறம் இஸ்திரிப் பெட்டிய அணைச்சுட்டு, உட்கார்ந்து, டம்ளர என் பக்கம் தள்ளி, பதினாறு வருஷத்துல முதல் தடவையா என்னை ‘நீ’ன்னு சொன்னா டீச்சர்... ‘நீயே ஊத்து’ன்னா. ஊத்தினேன்.